மாகறல் ஜரிகை

பட்டு கருகினால் முடி கருகுகிற நாற்றம் வரும். அதோடு சூடேறிய பீங்கானின் வாசனையும் கொஞ்சம் கலந்து மூக்கில் ஏறினால், எங்கள் வீட்டில் பியூஸ் போய்விட்டது என்று அர்த்தம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறிக்கூடம் பட்டப்பகலிலும் இருட்டாகவே இருக்கும் என்பதால், தறிக்கு மேலே ஒரு குண்டு பல்பு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். அது அணைந்ததும் நைனா, அதாவது என் அப்பா, தறிக்குழியில் காலை வைத்தபடியே "பீஸ் போய்ட்ச்சு பாரு" என்று குரல் கொடுப்பார். ஆனால் அதற்கு முன்பே அந்த நாற்றம் சமையலறைக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டிருக்கும். முடியைச் சூடுபோட்டு நேராக்குகிற அழகு நிலையம் ஒன்று இப்போது என் வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் என் கண் தானாக மெயின் சுவிட்சைத் தேடுகிறது.

ஊரெல்லாம் பியூஸ் கட்டையில் செம்புக் கம்பி சுற்றுவார்கள், எங்கள் வீட்டில் ஜரிகை சுற்றினார்கள். இதை அலுவலகத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை, நான் கதை விடுகிறேன் என்று சிரித்தார்கள். அவர்களுக்கு நான் எப்படி விளக்குவேன்? ஜரிகை என்பது சிவப்புச் சாயமேற்றிய ஒரு பட்டு இழையின் மேல், தலைமுடியைவிட மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. செம்புக் கம்பி வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டும், ஜரிகையோ எங்கள் வீட்டுத் தரையில் அறுந்து கிடந்தது. அப்படி அறுந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள் அம்மா. அதிலிருந்து இரண்டு இழையை எடுத்து முறுக்கிக் கட்டினால் தறிவிளக்கு ஜெகஜோதியாக எரியும். ஆக, எங்கள் வீட்டு மின்சாரம் வெள்ளியிலும் தங்கத்திலும் நடந்துதான் பல்புக்குப் போனது. அரண்மனையில்கூட அந்த வசதி இருந்திருக்காது, ஆனால் எங்களுக்கு அது தெரியாததால் தலைக்கனம் வரவில்லை.

நைனாவுக்குக் கரண்ட் என்றால் பயம். எப்போதோ ஒருமுறை ஷாக் அடித்ததிலிருந்து, துண்டைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் சுவிட்சைக்கூடத் தொடமாட்டார். அதனால் பியூஸ் போடுவது அம்மாவின் வேலையாக இருந்தது. மெயினை இறக்கிவிட்டு, மணைப்பலகையின் மேல் ஏறி நின்று, பீங்கான் கட்டையைப் பிடுங்கி, கருகிய பட்டை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டுப் புது ஜரிகை கட்டுவாள். பலகையில் ஏறி எக்கும்போது அவள் கால் கொலுசு ஒருமுறை சிணுங்கும், இறங்கும்போது இன்னொருமுறை சிணுங்கும், அடுத்து வெளிச்சம் வரும். சின்ன வயதில் கொலுசுச் சத்தத்துக்குத்தான் விளக்கு எரிகிறது என்று நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மாத்திரை டப்பா காலியாக இருந்ததால், பின்வாசல் பக்கத்து வீட்டு சரோஜாக்காவிடம் துண்டு ஜரிகை வாங்கிவரச் சொன்னாள். சரோஜாக்கா வீட்டில் அப்போது மலிவு விலைப் புடவைகளுக்கு "டூப்ளிகேட்" ஜரிகை போட்டு நெய்துகொண்டிருந்தார்கள். நான் கொண்டுவந்ததை அம்மா கட்டினாள், மெயினைப் போட்டாள், வெளிச்சம் வரவில்லை. மறுபடி கட்டிப் பார்த்தாள், அப்போதும் வரவில்லை. பிறகு அந்த இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது பிளாஸ்டிக்குடி. மினுக்கு மினுக்குன்னு இருக்குது, கரண்ட்ட மட்டும் உடமாட்டேங்குது" என்றாள். தூக்கியெறிந்துவிட்டு, நைனாவின் தறியிலிருந்து ஒரு சாண் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். நல்ல ஜரிகையை அப்படி அறுத்துக் கொடுக்க நைனா முனகியதும் எனக்கு நினைவிருக்கிறது.

பத்தாம் வகுப்பில் இதையெல்லாம் எங்கள் அறிவியல் ஆசிரியை வேறு பெயர்களில் சொன்னார். மின்சுற்று, மின்தடை, கடத்தி, கடத்தாப் பொருள். ஒரு பலகையில் டார்ச் பல்பு, இரண்டு பேட்டரி, நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் ஆணியை வைத்தால் பல்பு எரியும், சாக்பீஸை வைத்தால் எரியாது. வகுப்பு முழுவதும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. நான் அன்றைக்கே வீட்டுக்கு வந்து, உடைந்த தறிக்கட்டையில் அதே மாதிரி ஒன்று செய்துகொண்டேன். டார்ச் விளக்கைப் பிரித்ததற்கு நைனாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாலும் நான் அசரவில்லை. கரண்டி, சாவி, குங்குமச்சிமிழ், அம்மாவின் வளையல், தம்பியின் காது என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அந்த இடைவெளியில் வைத்துச் சோதித்தேன். தம்பி மட்டும் கடத்தவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு அதே பைத்தியம்தான். காஞ்சிபுரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தறிக்குழியில் ஈரம் ஊறும், நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழைகள் நமுத்துப்போகும், நெசவு பாதிதான் நடக்கும். வேலையில்லாத நைனா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்க, நான் பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைப் பெயர்த்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி வீடெங்கும் இழுத்துக்கொண்டு திரிந்தேன். ஊசியும் குண்டூசியும் ஓடிவந்து ஒட்டின, ஜரிகை மட்டும் எனக்கென்ன என்று கிடந்தது. இரும்பைத்தான் காந்தம் இழுக்கும், வெள்ளியை இழுக்காது என்று புத்தகத்தில் படித்தபோது, ஏதோ எங்கள் வீட்டு ஜரிகையின் குணத்தைப் பாராட்டி எழுதியதுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

மழை விட்ட மதியங்களில் கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் ஒரு பட்டையாக இறங்கும். பாவில் எங்கேயாவது இழை அறுந்து நைனா தேடும்போது, அம்மா தலைசீவும் கண்ணாடியை அந்த வெயிலில் பிடித்து, வெளிச்சத்தைத் திருப்பித் தறிக்கு அடியில் அடிப்பாள். "இந்தாண்ட... இன்னும் கொஞ்சம் இந்தாண்ட... ஆங், நிறுத்து" என்று நைனா சொல்லச் சொல்ல, அந்த வெளிச்சத் துண்டு இழைகளின் மேல் ஊர்ந்து போகும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று நான் புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படிப்பேன். இருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்குள் பேச்சு குறைவு. ஆனால் அந்தக் கண்ணாடி வெளிச்சத்தில் இருவரும் ஒரே இழையைத் தேடுவார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் கோமளா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோமளா அக்கா என் பெரியப்பாவின் மகள். பெரியப்பா நைனாவின் அண்ணன். சிறு வயதிலேயே தறியை விட்டு வாலாஜாபாத்துக்குப் போய்ப் பாத்திரக்கடை வைத்துவிட்டதால், நெசவாளி வீட்டில் பிறந்தும் பட்டையும் பாலியெஸ்டரையும் பிரித்துச் சொல்லத் தெரியாதவர். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் முதல் பெண்ணுக்குக் கல்யாணம் வரும்போது, அந்த வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள் தங்கள் கல்யாணப் புடவையைக் கொடுத்துவிட வேண்டும். அவற்றை எரித்து, சாம்பலில் தேறும் வெள்ளியை உருக்கி, அந்தப் பெண்ணுக்கு ஒரு காமாட்சி விளக்கு செய்து கொடுப்பார்கள். யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை, யாரும் மாட்டேன் என்று சொன்னதுமில்லை. "எத்தினி பொம்பளைங்க சேந்து ஏத்தற வெளக்கு அது" என்பார் பெரியப்பா. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கும்.

பெரியம்மாவின் புடவையும் அம்மாவின் புடவையும்தான் இந்தமுறை எரிய வேண்டியவை.

அம்மா மாகறலில் பிறந்தவள். அவளுடைய கல்யாணப் புடவையை நெய்தவர் அவளுடைய அப்பா, அதாவது நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட மாகறல் தாத்தா. மயில்கழுத்து நிறம், பாவில் ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடையில் ஒரு நிறமும் ஓடுவதால் இப்படிப் பார்த்தால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் வைத்து நெய்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடலை நெய்யும்போது, பக்கத்தில் உட்கார்ந்த இன்னொருவர் கரைக்கான இழையைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவைத் தள்ள வேண்டும். தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கரையைப் போட்டவள் அம்மாதான். தன் கல்யாணப் புடவையின் கரையைத் தானே நெய்தவள் அவள்.

விஷயம் தெரிந்த மறுநாள், வெயில் இறங்கிய நேரத்தில், டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் புடவையை எடுத்து மடியில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கரையை விரலால் தடவிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். அங்கே ஜரிகை ஒரு மயிரிழை விலகி, சின்ன இடைவெளி தெரிந்தது.

"இங்க நான் தூங்கிட்டன்" என்றாள். "உக்காந்தமேனிக்கே தூங்கிட்டன். நாடா தள்ளாம உட்டுட்டன். எங்க நைனா பாத்துட்டாரு. பிரிச்சிப் போடுறேன் நைனான்னேன். வேணாம், இருக்கட்டும், பின்னாடி பாத்தா சிரிச்சிக்குவ அப்டின்னாரு."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாதா என்று கேட்டேன். "கோமளா நம்ம பொண்ணுடி. அது வெளக்குக்கு நான் இல்லன்னு சொல்வனா?" என்றாள். பிறகு எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, புடவையைப் பார்த்து, "வேற ஒண்ணுமே இல்லியே அவரு ஞாபகத்துக்கு" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா, பெரியம்மா, கோமளா அக்கா மூவரும் வந்தார்கள். பெரியம்மாவின் புடவை ஒரு மஞ்சள் பையில் வந்தது. பெரியப்பாவுக்கு ஒரு கவலை. அவருடைய கடைக்குப் பக்கத்தில் யாரோ பழைய புடவையை எரிக்கக் கொடுத்து, வெறும் சாம்பல்தான் மிஞ்சியதாம். "எரிச்சப்புறம் ஐயோ டூப்ளிகேட்டுன்னு தலைல கை வச்சி இன்னா பண்றது? புடவையும் போச்சு, வெள்ளியும் போச்சு. முன்னாடியே பாத்துக்கணும்பா" என்றார்.

நான் ஒரே துள்ளில் எழுந்து என் பலகையைக் கொண்டுவந்து பாயின் மேல் வைத்தேன். ஜரிகை உண்மையென்றால் உள்ளே வெள்ளி இருக்கிறது, வெள்ளி கடத்தி, ஆகவே பல்பு எரியும். பிளாஸ்டிக்காக இருந்தால் எரியாது. கூடியிருந்தவர்களுக்கு இதை நான் சொன்ன தோரணையை நினைத்தால் இப்போது என்னை நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. நைனா தறிக்குழிக்குள் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பையிலிருந்த தன் கல்யாணப் புடவையின் முந்தானையிலிருந்து ஓர் இழையை உருவிக் கொடுத்தாள். வைத்தேன். பல்பு மஞ்சளாக எரிந்தது. கோமளா அக்கா கைதட்டினாள். "பாத்தியா, சயின்ஸு!" என்று பெரியப்பா தொடையைத் தட்டிக்கொண்டார்.

அம்மாவின் புடவையை எடுக்க நான் பெட்டியிடம் ஓடினேன். அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"பேட்டரிய புடவகிட்ட கொண்டாராத. நான் ஒரு இழை உருவிக்கினு வரேன், இரு."

உள்ளே போனவள் வரக் கொஞ்சம் நேரமானது. பின்கதவு கிறீச்சிட்டது. வெளியே தூறல் பிடித்திருந்ததால் சாரல் அடிக்காமல் கதவைச் சாத்துகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது புடவையை இடுப்போடு அணைத்திருந்தாள், இன்னொரு கையில் ஓர் இழை இருந்தது, முன்தலையில் மழைத்துளிகள் மின்னின. இழையை என்னிடம் நீட்டினாள். அவள் விரல் சில்லென்று இருந்தது.

வைத்தேன், பல்பு எரியவில்லை. கம்பி முனையைப் பிளேடால் சுரண்டி மறுபடி வைத்தேன், எரியவில்லை. பேட்டரியை அழுத்திப் பார்த்தேன், பெரியம்மாவின் இழையைத் திரும்ப வைத்தேன், அது எரிந்தது. அம்மாவின் இழையை வைத்தேன், எரியவில்லை.

"இது கடத்தாப் பொருள்" என்றேன். புத்தகத்தில் இருந்த சொல் அதுதான், வேறு சொல் எனக்கு அப்போது கிடைக்கவில்லை.

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "பெத்த பொண்ணுக்கு நெய்யற புடவையிலியே டூப்ளிகேட்டா? மாகறல்காரரு கில்லாடிதான்மா!" என்று சிரித்தாள். கெட்ட மனசு இல்லை அவளுக்கு, வாய்தான் கொஞ்சம் நீளம். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தன் அப்பாவைப் பற்றி யார் எது சொன்னாலும் பொறுக்காதவள், அன்றைக்குக் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே, "அவரால அன்னிக்கி அதான் முடிஞ்சிருக்கும்" என்றாள்.

பெரியப்பா நைனாவிடம் திரும்பினார். "ஏம்பா, தெனம் ஜரிகையிலியே பொழங்கறவன் நீ. பாத்தா உனக்குத் தெரியாது?"

நைனா குழியிலிருந்து கையை நீட்டினார். நான் அந்த இழையைக் கொடுத்தேன். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒருமுறை உருட்டினார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை.

"பல்பே சொல்லிடுச்சே. இதுக்குமேல நான் இன்னா சொல்றது" என்றார். இழையைத் திருப்பிக்கூடக் கொடுக்காமல், தறியைப் போட ஆரம்பித்துவிட்டார்.

அம்மா குனிந்தாள். கால் கொலுசின் திருகைக் கழற்றினாள், அடுத்த காலிலும் கழற்றினாள், இரண்டையும் பெரியம்மாவின் மஞ்சள் பையில் போட்டாள். "கோமளாவுக்கு என் பங்கு கொறையக்கூடாதுக்கா" என்றாள். கோமளா அக்கா அழுதுவிட்டாள். பெரியம்மாவுக்கே ஒருமாதிரியாகிப்போய், வேண்டாம் என்று பையிலிருந்து எடுத்து நீட்டினாள், அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்தமுறை பியூஸ் போனபோது சத்தமில்லாமல் பலகையில் ஏறி, சத்தமில்லாமல் இறங்கினாள். கொலுசு இல்லாமல் வந்த அந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை.

விளக்கு நன்றாக அமைந்தது. கோமளா அக்காவின் கல்யாணமும் நன்றாக நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு சொல் முளைத்துவிட்டது. வெடிக்காத பட்டாசு, வனஸ்பதி கலந்த நெய், வாங்கிய வாரத்திலேயே முள் நின்றுபோன கைக்கடிகாரம், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். "அது மாகறல் ஜரிகைபா!" கல்யாணம், காதுகுத்து, கருமாதி எங்கே நாலு பேர் கூடினாலும் யாராவது அதைச் சொல்லிவிடுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். பார்த்தே இராத தாத்தாவின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும். பெற்ற பெண்ணையே ஏமாற்றிய மனிதர் என்று ஒருமுறை அம்மாவிடமே சொன்னேன். என் வாயில் பட்டென்று ஒன்று வைத்தாள். அவள் என்னை அடித்தது அந்த ஒருமுறைதான்.

அந்தப் புடவையை அவள் அதன்பிறகு விசேஷங்களுக்குக் கட்டியதில்லை. கட்டினால் கிண்டல் செய்வார்கள் என்று நினைத்தேன். வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியிலிருந்து எடுத்து, கண்ணாடி ஓட்டு வெயிலுக்குத் தள்ளி நிழலில் காற்றாட விரித்துப் போடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து நீலத்தையும் பச்சையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஏமாந்த புடவையின் மேல் இத்தனை ஆசையா என்று எனக்குப் பாவமாக இருக்கும்.

இத்தனைக்கும் நான் இயற்பியலில் நல்ல மார்க் வாங்கினேன். வாரத்துக்கு ஒருமுறையாவது என் கண்ணெதிரிலேயே அம்மா ஜரிகை கட்டிப் பியூஸ் போட்டுக்கொண்டிருந்தாள். எது கரண்டை விடும், எது விடாது என்று எங்கள் தெருவிலேயே அவளைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. நைனாவோ கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே ஜரிகையின் தரத்தைச் சொல்லிவிடுவார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நான்தான் பல்பை நம்பிவிட்டேனே.

இப்போது சென்னைக்குப் புறத்தே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். கரண்டுக்கு ஏதாவது கோளாறு என்றால் சுவரில் ஒரு பிளாஸ்டிக் பொத்தான் "டிக்" என்று தானே விழுந்துகொள்கிறது, தூக்கிவிட்டால் சரியாகிவிடுகிறது, நாற்றமும் இல்லை, மணைப்பலகையும் தேவையில்லை. எங்கள் தெருவில் எங்கள் வீடு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது, அதற்குக் கண்ணாடி ஓடு கிடையாது. பெரியப்பாவும் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். நைனா போனார். கடைசியாக அம்மாவும் போனாள். அவளுடைய டிரங்குப் பெட்டி என் வீட்டுக்கு வந்தது. அதைத் திறக்க எனக்கு ரொம்ப நாள் மனசு வரவில்லை.

திறந்தபோது புடவை ஒரு பழைய வெள்ளை வேட்டியில் சுற்றியிருந்தது. பிரித்தேன். நீலமும் பச்சையும் அப்படியே இருந்தன. ஆனால் மடிப்பு விழுந்த இடங்களில் ஜரிகை கறுத்திருந்தது. அம்மா இருந்தவரை வருஷம் தவறாமல் எடுத்து மடிப்பை மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் படுத்த பிறகு அதைச் செய்ய ஆளில்லை. நான் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளிதான் கறுக்கும். பிளாஸ்டிக் ஜரிகை வெளுக்கும், உரியும், கறுக்காது.

மறுநாள் எலக்ட்ரிகல் கடையில் போய் டார்ச் பல்பு கேட்டேன். கடைப்பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அதெல்லாம் இப்ப வர்றதில்ல ஆன்ட்டி, எல்இடிதான்" என்று, அரிசிமணியைப் போல ஒன்றைக் கொடுத்தான். இரண்டு பேட்டரியும் கொஞ்சம் ஒயரும் வாங்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் புடவையை விரித்தேன். இழை உருவ மனம் வரவில்லை. கரையைத் தடவிக்கொண்டே போனேன். அம்மா தூங்கிய அந்த இடம் விரலில் தட்டியது. அந்த இடைவெளிக்குச் சற்றுத் தள்ளி, சேர்ந்தாற்போல் நெருக்கமாக ஓடிய ஜரிகையில் இரண்டு ஒயர் முனைகளையும் அழுத்தினேன்.

எரியவில்லை.

அம்மா போன அன்றைக்குக்கூட நான் அப்படி ஆடிப்போகவில்லை. அப்படியானால் எல்லாம் நான் கற்பனை செய்துகொண்டதுதானா, தாத்தா நிஜமாகவே ஏமாற்றினாரா, அம்மா நிஜமாகவே அத்தனை வருஷமும் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா என்று ஒயரைப் பிடித்தபடியே யோசித்தேன். பிறகுதான் நினைவு வந்தது. பழைய டார்ச் பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான், இந்த எல்இடிக்கு அப்படியில்லை, மின்சாரம் ஒரு பக்கமாக வந்தால்தான் எரியும். அதைத் திருப்பிச் செருகிவிட்டு, மறுபடி கரையில் ஒயரை அழுத்தினேன்.

எரிந்தது. அந்தப் பழைய மஞ்சள் வெளிச்சம் இல்லை, கண்ணைக் குத்துகிற வெள்ளை வெளிச்சம். ஆனால் எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தது. பின்கதவைத் திறந்து, தூறலில் ஓடி, சரோஜாக்கா வீட்டுத் தறியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் இழையை வாங்கிக்கொண்டு வந்த அம்மா. விரல் நடுவில் ஒருமுறை உருட்டியதுமே அது என்னவென்று புரிந்துகொண்டு, அவளைக் காட்டிக்கொடுக்காத நைனா. புடவை மிஞ்ச வேண்டுமானால் அப்பாவின் பெயர் போக வேண்டும் என்ற நிலையில், அவள் புடவையை வைத்துக்கொண்டாள். அப்பாவின் பேரைக் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிய அந்த மயிரிழை இடத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். "மாகறல் ஜரிகை" என்று நாங்கள் சிரித்தபோதெல்லாம் அவளும் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு என்னவென்று கேட்க இப்போது அவள் இல்லை. சிரித்தவர்களைக் கூப்பிட்டு, இதோ பாருங்கள் என்று காட்டலாமென்றால் அவர்களும் இல்லை. தம்பியை விட்டால் கோமளா அக்கா மட்டும் இருக்கிறாள். அவள் வீட்டில் அந்த விளக்கு இன்றும் எரிகிறது, அதில் அம்மாவின் கொலுசு இருக்கிறது. அவளிடம் சொல்ல வேண்டும். அவளுக்கும் உங்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதினேன். மாகறல் தாத்தா போட்டது சொக்க வெள்ளி.

அன்று வெகுநேரம் கையை எடுக்காமல் ஒயரை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் அணைந்துவிடும். யாரும் இல்லாத வீட்டில், பத்தாம் வகுப்புப் பெண்ணைப் போல நான் வாய்விட்டுச் சொன்னேன்:

"எரியுதும்மா."